இன்னும் கொஞ்சம் ஏத்து

கார் விளக்கு மங்கிவிட்டது என்று என் கணவர் முதல்முறை சொன்னபோது எனக்கு உள்ளூர சந்தோஷம்தான். கழற்றி மாட்ட ஏதாவது கிடைத்துவிட்டால் அந்த மனிதர் ஒரு வாரத்துக்கு என் வம்புக்கு வரமாட்டார். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆலையில் எலக்ட்ரீஷியன். அங்கே அவரைக் 'கரண்ட்' என்றுதான் கூப்பிடுவார்கள். வயர் என்று ஒன்று இருந்தால் அதில் இன்னொருவர் கை வைக்கக்கூடாது அவருக்கு. எங்கள் வீட்டு மிக்சி எத்தனையோ முறை செத்துப் பிழைத்திருக்கிறது, ஒருமுறைகூட கடை வாசலை மிதித்ததில்லை.

"மெக்கானிக்கிட்ட விட்டா நாளைக்கே முடிச்சுக் குடுப்பான்" என்றேன்.

"அவனுக்கு என்ன தெரியும்? பல்பை மாட்டுவான், காசை வாங்குவான். வெளிச்சம் எங்க விழணும்னு அவனா பாக்கப் போறான்?"

இந்த அவசரத்துக்குக் காரணம் எங்கள் மகள். நிறைமாதம். அவள் புருஷன் கப்பலில் வேலை, நடுக்கடலில் எங்கேயோ இருக்கிறார். எங்கள் ஊர்க் கிளினிக்கில், பிள்ளை பெரிதாக இருக்கிறது, ரத்த அழுத்தமும் ஏறுகிறது, பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விடுங்கள் என்று கைகழுவி விட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரி ஆலை இருக்கும் ஊரில். நடுவே மலை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், வளைந்து வளைந்து போகும் சாலை. வலி எந்த நேரத்தில் எடுக்கும் என்று யார் சொல்ல முடியும்? நேரம் கெட்ட நேரத்தில் எடுத்தால் இந்த மங்கல் விளக்கோடு அவளை எப்படிக் கூட்டிப் போவது என்பது அவருடைய கவலை. நியாயமான கவலை என்றுதான் நானும் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேலையைத் தொடங்கினார். விளக்கின் முன்கண்ணாடி மஞ்சள் பூத்துக் கிடந்தது. உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்த்தார். பிறகு பாலிஷ். கண்ணாடி பளிச்சென்று ஆனது. அடுத்து பானெட்டைத் திறந்து, விளக்குக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் மூடியை உரித்து, கம்பிக் கிளிப்பை விலக்கி, பழைய பல்பை வெளியே எடுத்தார். நான் தையல்காரி. என் வெட்டுத்துணியில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, பழைய பல்புகள் இரண்டையும் அதில் சுற்றி, ஸ்டீயரிங் பக்கத்து டப்பாவுக்குள் பத்திரமாக வைத்தார். ஆத்திர அவசரத்துக்கு ஆகுமாம்.

புதுசு எல்ஈடி. பின்பக்கம் குட்டியாக ஒரு விசிறிகூட இருந்தது. அழகாக இருக்கிறதே என்று கையில் எடுத்துப் பார்க்கப் போனேன்.

"ஏய்! தொடாதே! விரல்ல இருக்கற எண்ணெய்ப் பிசுக்கு பட்டா பல்பு சூட்டுல வெடிச்சுடும்."

"அது பழைய பல்புக்குத்தானே? இந்த டப்பாவுல அப்படி ஒண்ணும் போடலையே."

"எந்த பல்பா இருந்தா என்ன? பழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல."

பல்பைத் தொடும் முன் ஒவ்வொரு முறையும் விரல் நுனிகளைச் சட்டை ஓரத்தில் துடைத்துக்கொள்வார். கல்யாணமான புதிதில் என் கன்னத்தைத் தொடும் முன்பும் அப்படித்தான் துடைத்துக்கொள்வார். நானும் வெடித்துவிடுவேன் என்ற பயமா என்று கேலி செய்திருக்கிறேன்.

பல்பை உள்ளே வைத்துக் கம்பிக் கிளிப்பை மாட்டவேண்டும். நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் விரல்கள் விளக்கின் பின்புறத்தில் தடவிக்கொண்டே இருந்தன. கிளிப்புக்கு மேலே போயின, கீழே வந்தன, பக்கத்திலிருந்த வயரைப் பிடித்து இழுத்தன.

"டார்ச்சை இங்க அடி. எங்கயோ வாய் பாத்துக்கிட்டு நிக்கற."

"அங்கதான் அடிக்கறேன்."

"எங்க அடிக்கற? இருட்டா இருக்கு."

டார்ச் வெளிச்சம் நேராக அவர் விரல் மேல் விழுந்துகொண்டிருந்தது. நகக்கண்ணில் இருந்த கிரீஸ்கூட எனக்குத் தெரிந்தது. இந்த ஆளுக்கு மூக்கின் மேல் கோபம் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு, டார்ச்சை இன்னும் ஒரு சாண் நெருக்கினேன். அவர் பார்க்கவே இல்லை. கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு விரலாலேயே கிளிப்பைக் கண்டுபிடித்து மாட்டினார்.

பொழுது சாய்ந்ததும் வெளிச்சத்தைச் சரிபார்க்கும் வேலை. காரை வாசல் சுற்றுச்சுவருக்கு எதிரே தள்ளி நிறுத்தினார். தரையிலிருந்து பல்பு எவ்வளவு உயரமோ அதே உயரத்தில் சுவரில் ஒரு டேப் ஒட்டச் சொன்னார். என் தையல் டேப்பாலேயே அளந்து, கோணாமல் ஒட்டினேன். டிம்மில் போட்டால் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்த டேப்புக்குக் கொஞ்சம் கீழே நிற்கவேண்டும். மேலே போனால் எதிரே வருகிறவன் கண்ணைப் பறித்துவிடும். இதெல்லாம் அவரே சொல்லிக்கொடுத்ததுதான். விளக்கை ஏற்றி இறக்கும் திருகாணியைத் திருப்ப என்னை நிறுத்திவிட்டு அவர் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார்.

விளக்கைப் போட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுவரில் இருந்த ஒவ்வொரு விரிசலும், எறும்புச் சாரையும் தெரிந்தது. விளிம்பு டேப்புக்குக் கீழே அளவெடுத்தது மாதிரி நின்றது.

"கச்சிதம்" என்றேன்.

"இன்னும் கொஞ்சம் ஏத்து."

ஏற்றினேன். வெளிச்சம் டேப்பைத் தொட்டது.

"இன்னும் கொஞ்சம்."

"டேப்பைத் தாண்டிடுச்சுங்க."

"எங்க தாண்டிச்சு? நீ டேப்பை எங்க ஒட்டின?"

அவருக்கு நேர் எதிரே, பட்டப்பகல் போல எரிகிற சுவரின் நடுவில் என் கைநீளத்துக்கு வெள்ளை டேப். நான் திரும்பி அவரைப் பார்த்தேன். கழுத்தை முன்னால் நீட்டி, கண்ணைச் சுருக்கி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தச் சுவரைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஏத்து, ஏத்து. கை வலிக்குதா?"

ஏற்றினேன். திருகாணியைத் திருப்பிக்கொண்டிருக்கும்வரை எதையும் யோசிக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். வெளிச்சம் சுவரைத் தாண்டி எதிர்வீட்டு மாடி ஜன்னலில் போய் விழுந்தது. அங்கே குடியிருக்கும் பேங்க்காரர் பனியனோடு எட்டிப் பார்த்து, "சார், நான் என்ன நாடக மேடையிலயா இருக்கேன்?" என்று கத்தினார். மகள் வாசற்படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்தார். "இப்பதான் கொஞ்சம் வெளிச்சம் மாதிரி இருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன் பிறகு அவரைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். இத்தனை நாள் பார்க்காதது எல்லாம் தெரிந்தது. தட்டுக்குப் பக்கத்தில் வைத்த தம்ளரைத் தட்டிவிட்டார். மெஷின் பக்கம் இருந்த முக்காலியை ஒரு முழம் நகர்த்தி வைத்தேன், நேராகப் போய் முழங்காலில் இடித்துக்கொண்டு, "பொருளை வச்ச இடத்துல வைக்க மாட்டியா?" என்று என் மேலேயே பாய்ந்தார். முன்பெல்லாம் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் என் ஊசிகளில் நூல் கோத்துக் கொடுத்துவிட்டுத்தான் போவார். எனக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கிப்போய் வெகுகாலம் ஆகிறது. கொஞ்ச நாளாக நேரமாகிவிட்டது, பஸ்காரன் நிற்பானா என்று தட்டிக்கழித்தார். வரவர மனுஷனுக்குத் தலைக்கனம் என்று நினைத்தேன். ராத்திரி ஷிப்ட் வேண்டாம் என்று அவராகவே எழுதிக் கொடுத்துப் பகல் ஷிப்டுக்கு மாறினபோதும், பெண்டாட்டி மேல் இவ்வளவு பாசமா என்று பூரித்துப் போனேனே, என் புத்தியை என்ன சொல்வது.

மறுநாள் சாப்பிடும்போது பேச்சைத் தொடங்கினேன்.

"ஒரு நடை கண் டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடலாமா?"

"யாருக்கு?"

"எனக்குத்தான். நீங்களும் சும்மா கூட வந்து ஒரு தடவை காட்டிடுங்க."

அவர் கை சோற்றிலேயே நின்றது. "அதான் லைட்டை மாத்தியாச்சே. இனிமே சரியாப் போயிடும்."

"லைட்டைச் சொல்லலைங்க."

"எனக்கு ஒண்ணும் இல்ல. போனா எதையாவது சொல்லி உக்கார வச்சுடுவான். அப்புறம் வேலை என்னாகறது, வண்டி என்னாகறது?" குரலைத் தாழ்த்தினார். "நீ எதையாவது பொண்ணுகிட்ட உளறி வைக்காதே. இந்த நேரத்துல பயந்துடுவா."

ஒன்றும் இல்லை என்றால் அவள் எதற்குப் பயப்பட வேண்டும்? கேட்கவில்லை. கேட்டால் அவர் பதில் சொல்லிவிடுவாரோ என்று இருந்தது. மாறாக ஒரு சண்டை போட்டேன். வலி எடுக்கிறவரை காத்திருக்க வேண்டாம், வெள்ளிக்கிழமை காலையிலேயே வெளிச்சத்தோடு வெளிச்சமாகப் போய் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொள்ளட்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அவர் மறுபேச்சு பேசாமல் சரி என்றார். அந்த மனிதர் என்னிடம் அத்தனை சுலபமாகத் தோற்றதே கிடையாது. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் மகள் குளியலறையிலிருந்து "அம்மா" என்றாள். அந்தக் குரலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. பனிக்குடம் உடைந்திருந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால், இருந்த ஒரு வண்டியும் வேறொரு விபத்துக்குப் போயிருக்கிறது, திரும்பி வர நேரமாகும் என்றார்கள். எதிர்வீட்டுக்கு ஓடினேன். பேங்க்காரரிடம் இருப்பது ஸ்கூட்டர். பாவம், அவர் டாக்ஸி ஸ்டாண்டுக்கெல்லாம் போன் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். திரும்பி வந்து பார்த்தால் இவர் மகளைக் காரில் ஏற்றிவிட்டு, சாவியோடு ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருந்தார்.

"ஏறு. இன்னும் வெளிச்சம் இருக்கு. அது போறதுக்குள்ள மலையைத் தாண்டிடலாம்."

மகள் பல்லைக் கடித்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். நான் அவளைப் பார்ப்பதா, அவரைப் பார்ப்பதா? பின்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

ஊருக்குள் தெருவிளக்குகள் இருந்ததால் ஒழுங்காகத்தான் ஓட்டினார். ரயில்வே கேட்டைத் தாண்டி மலை தொடங்கியதும் வானம் மளமளவென்று கறுத்தது. அவர் விளக்கைப் போட்டார். பாறை, மரம், பள்ளத்தோரம் நட்ட வெள்ளைக் கற்கள் எல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி எழுந்து நின்றன. அவரோ ஸ்டீயரிங் மேல் கவிழ்ந்து, தாடை அதில் படும்படி உட்கார்ந்து, நத்தை மாதிரி உருட்டினார். எதிரே யாரும் இல்லாத வளைவிலும் ஹார்ன் அடித்தார்.

"அப்பா, கொஞ்சம் சீக்கிரம்ப்பா."

"போறேன்மா. மழை பேஞ்ச ரோடு, வழுக்கும்."

மழை பெய்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. மகள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

மேலேயிருந்து ஒரு லாரி இறங்கி வந்தது. தூரத்திலிருந்தே விளக்கை அணைத்து அணைத்துப் போட்டான். "டிம் பண்ணுங்க! அவனுக்குக் கண்ணு கூசுது!" என்று கத்தினேன். அவர் டிம் செய்தார். செய்து என்ன பயன்? அதைத்தான் நான் என் கையாலேயே மாடி ஜன்னல்வரை ஏற்றி வைத்திருக்கிறேனே. லாரி நிதானம் தவறி எங்கள் பக்கம் சாய்ந்தது. ஹார்ன் காதைக் கிழித்தது. ஒரு கணம் ஜன்னல் முழுக்க அதன் சக்கரம்தான். உரசாமல் தாண்டியது எந்த சாமி புண்ணியமோ. லாரிக்காரன் எங்கள் குலத்தையே இழுத்துத் திட்டிக்கொண்டு போனான்.

அது போன பிறகு காருக்குள் கேட்டது மகளின் மூச்சு மட்டும். கார் உருண்டுகொண்டே இருந்தது. அப்போது அவர் கேட்டார், மிகவும் மெதுவாக, யாரிடம் என்று இல்லாமல்:

"நான் லைட்டு போட்டிருக்கேன்ல?"

மகள்தான் பதில் சொன்னாள்.

"எரியுதுப்பா. பகல் மாதிரி எரியுது."

இடது சக்கரங்கள் தாரைவிட்டு இறங்கிச் சரளைக்கல்லில் நறநறத்தன. பள்ளம் இருப்பது இடதுபக்கம்.

"நிறுத்துங்க! நிறுத்துங்கன்னா நிறுத்துங்க!"

"நிறுத்திட்டேன்" என்றார். கார் நின்றுதான் இருந்தது. என் உடம்புதான் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

இறங்கிப் பார்த்தேன். முன்சக்கரத்துக்கும் வெள்ளைக் கல்லுக்கும் நடுவே ஒரு ஆள் ஒடுங்கி நிற்கத்தான் இடம் இருந்தது. கல்லுக்கு அந்தப் பக்கம் மரங்களின் உச்சி தெரிந்தது. அவர் பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

"இறங்குங்க. நான் ஓட்டறேன்."

லைசென்ஸ் என்னிடம் உண்டு. மகள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் எடுத்தது. ஒருநாள் வாசல் கேட்டில் உரசினேன் என்று இவர் தெருவே கேட்கும்படி கத்தினார். அன்று சாவியை வீசி எறிந்தவள்தான், பிறகு தொடவே இல்லை. நேர் ரோட்டிலேயே நடுங்குகிறவள் நான். இப்போது மலை, இருட்டு, பின்சீட்டில் பிரசவ வலி. ஆனாலும் எனக்குக் கண் இருந்தது.

எதிர்த்து ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சாவியை அப்படியே விட்டுவிட்டு இறங்கினார். பானெட்டைக் கையால் தடவிக்கொண்டே முன்னால் சுற்றி வந்தார். அந்த அநியாய வெளிச்சம் அவர் மேல் முழுசாக விழுந்தது. அதன் நடுவே அடியெடுத்து அடியெடுத்து, ஒரு கையை முன்னால் நீட்டிக்கொண்டு, கதவுப் பிடியைத் தேடினார். மகள் அதைப் பார்த்துவிட்டாள். "அப்பாவுக்கு என்னம்மா?" என்று அழுதாள். "ஒண்ணும் இல்ல, நீ மூச்சை இழுத்து விடு" என்றேன்.

வண்டி இரண்டு முறை அணைந்துபோனது. மூன்றாவது முறை பின்னால் நழுவியது. நான் அலறினேன்.

"ஹேண்ட்பிரேக்கைப் போடு. பயப்படாதே. கிளட்சை மெதுவா விடு, இன்ஜின் சத்தம் மாறும் பாரு. மாறிச்சா? இப்ப ஹேண்ட்பிரேக்கை விடு. அவ்வளவுதான்."

அன்று தெருவே கேட்கும்படி கத்திய அதே குரல். இப்போது குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி இருந்தது. கார் நகர்ந்தது.

அந்தச் சாலையில் பாதி ஆயுள் போய்வந்தவர் அவர். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். நிஜமாகவே மூடிக்கொண்டார், திறந்திருந்தால் குழப்புகிறது போலிருக்கிறது. "இப்ப வலது பக்கம் வளையும். ரெண்டாவது கியரே போதும். வெள்ளைக் கல்லை விட்டுத் தள்ளியே போ. தண்ணி ஓடற சத்தம் கேக்குதா? அது ஓடைப்பாலம். தாண்டினதும் ஏத்தம், காலை எடுக்காதே." அவர் சொன்ன இடத்தில் சாலை வளைந்தது. சொன்ன இடத்தில் பாலம் வந்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நான் ஓட்டினேன். மெதுவாக எனக்கு ஒரு தைரியம்கூட வந்தது. இந்த மனிதருக்கு ஒன்றும் ஆகவில்லை, எல்லாம் தலைக்குள் இருக்கிறது, கண் எதற்கு என்றுகூட ஒரு நினைப்பு வந்தது.

"உச்சி வந்தாச்சு. இனிமே நேர் ரோடு. மூணாவது போட்டு தைரியமாப் போ."

போட்டேன். வேகம் எடுத்தேன். உச்சி மேட்டைத் தாண்டியதும் சாலையின் நடுவில் ஒரு டிப்பர் லாரி நின்றது. பழுதாகி நின்ற வண்டி. விளக்கு இல்லை, ஆள் இல்லை. பின்னால் அடையாளத்துக்கு ஒரு மரக்கிளையை ஒடித்துப் போட்டிருந்தார்கள்.

இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தேன். கார் கிளையின் மேல் ஏறி நின்றது. மகள் கத்திய கத்தலில் என் காது அடைத்துப்போனது. எங்கள் விளக்கு வெளிச்சத்தில் டிப்பரின் பின்கதவு, அதில் ஒட்டியிருந்த சிவப்பு ஸ்டிக்கர், காய்ந்த சிமெண்ட், ஆணி, எல்லாம் தெரிந்தது.

அவர் கண்ணைத் திறந்து நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு? ஏன் நிறுத்தின?"

"லாரி நிக்குதுங்க."

"எங்க?"

"முன்னாடி. நேரா முன்னாடி."

அவர் கையை நீட்டினார். விரல்கள் கண்ணாடியில் முட்டின. கண்ணாடியை அப்படியே தொட்டுக்கொண்டு இருந்தார். இவர் ஓட்டிக்கொண்டு வந்திருந்தால் என்ற எண்ணம் எனக்கு வந்த அதே நேரத்தில் அவருக்கும் வந்திருக்கவேண்டும். கரண்ட் என்று பெயரெடுத்த மனிதர், உயர் மின்னழுத்தக் கம்பத்தில் ஏறி வேலை செய்தவர், நடுங்கி நான் பார்த்தது அன்றுதான்.

"அம்மா... முடியலம்மா" என்றாள் மகள்.

லாரியைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போகவேண்டும். எதிரே வண்டி வந்தால் தீர்ந்தது. அவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டிக் காதைக் கொடுத்தார். "பொறு... காத்து சத்தம்தான். எதுவும் வரல. இப்பப் போ." போனேன். அதற்குப் பிறகு இறக்கம் முழுவதும் அவர் வழி சொன்னார், ஆனால் ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். "இடது பக்கம் வளையும், நீ பாத்துக்கோ." "கீழ ஒரு கோயில் வளைவு வரும், நீ பாத்துக்கோ." அந்த 'நீ பாத்துக்கோ' ஒவ்வொன்றும் என் நெஞ்சில் கல் மாதிரி விழுந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் மகளை ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். போகிற போக்கில் அவள் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, "பயப்படாதீங்கப்பா" என்றாள். வலியில் துடிக்கிறவள் சொல்கிற வார்த்தையா அது? பிரசவ அறைக் கதவு மூடிக்கொண்டது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். தலைக்கு மேலே வரிசையாகக் குழல்விளக்குகள். தரையில் ஊசி விழுந்தால் நான்கூட எடுத்துவிடுவேன். எனக்கு இரண்டு பயம் சேர்ந்து பிடித்து உலுக்கியது. ஒன்று கதவுக்கு உள்ளே, ஒன்று என் பக்கத்தில். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அல்லது கைகள் இருக்கும் பக்கம்.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டேன்.

"ஓரமெல்லாம் முதல்ல போச்சு. அப்புறம் பொழுது சாஞ்சா போச்சு. லைட்டுதான் மங்கிடுச்சுன்னு நெனச்சேன்." விரல்களை மடக்கிக்கொண்டார். "நெனச்சுக்கிட்டேன்."

திட்ட வாயெடுத்தேன். வரவில்லை. அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

கதவு திறந்தது. பச்சை உடையில் நர்ஸ். தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருக்கிறார்கள், பெண் குழந்தை என்றாள். என் கண்ணில் பொலபொலவென்று கொட்டியது. துணியில் சுற்றிய பிள்ளையைத் தாத்தாவிடம் காட்டச் சொல்லி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அவர் எழுந்து நின்றார். குனிந்தார். இன்னும் குனிந்தார். பிறகு விரல் நுனிகளைச் சட்டை ஓரத்தில் நன்றாகத் துடைத்துக்கொண்டார், ஒருமுறைக்கு இரண்டு முறை. அந்த விரல்களால் குழந்தையின் நெற்றியைத் தொட்டார். புருவம், மூக்கு, உதடு. அன்று கம்பிக் கிளிப்பைத் தேடின மாதிரியேதான், அவசரமில்லாமல், கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு. நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டி, விடுங்கள் என்றேன்.

"யார் ஜாடை?" என்று கேட்டார்.

"மூக்கு உங்களுது."

"அது விரல்லயே தெரிஞ்சுது." பிறகு, குழந்தையை விட்டுக் கையை எடுக்காமல், என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பழைய பல்பு நல்லாத்தான் இருந்துச்சு, இல்ல?"

எத்தனையோ விஷயத்தில் அவரைக் கேலி செய்து மடக்கியிருக்கிறேன். இந்த ஒன்றுக்கு மட்டும், ஆமாங்க என்று சொல்லி அவர் கையோடு என் கையையும் குழந்தை மேல் வைத்தேன்.